சம்பந்தி வீட்டுக் கூண்டு

அந்தப் போனை இப்படிக் கொஞ்சம் சாய்ச்சுக் காட்டு பாப்பா. உன் சொந்த விசயம் எதையும் நான் பாக்கல, பயப்படாத. கண்ணாடி வீட்ல கெடக்கு. அது இருந்தாலும் எனக்கு எழுத்துக் கூட்டத்தான் தெரியும். வெள்ளையா சுத்துதே, அதுதானே புயலு? கீழ என்ன எழுதியிருக்கான், படி. மெல்லவே படி, போதும். முன்சீட்டுக்காரன் காதை இந்தப் பக்கம் வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கான்.

ம்... கடலூருக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவுல. நாளைக்கு மத்தியானத்துக்கு மேல. சரி, அப்புறம்? வடக்கு நோக்கித் திரும்பவும் வாய்ப்பு உள்ளது. பாத்தியா? வாய்ப்பு உள்ளதுன்னு ஒண்ணைக் கடைசில சொருகி வெச்சிருக்கான். வந்துச்சுன்னா நான் அப்பவே சொன்னேன்பான். வரலன்னா வாய்ப்புன்னுதானே சொன்னேன்பான். வாசக் கதவையும் கொல்லைக் கதவையும் ஒண்ணா தொறந்து வெச்சுக்கிட்டுப் பேசுறவன் பேச்சை நான் நம்புறதில்ல. மீனவர்கள் கடலுக்குப் போக வேண்டாம், அதானே அடுத்தது? அது ஐப்பசி பொறந்தா தை வரைக்கும் சொல்லிக்கிட்டேதான் இருப்பான். அதைக் கேட்டுக்கிட்டு இருந்தா எங்க ஊர்ல அடுப்பு எரியாது.

நீ ஏன் காலை அந்தப் பக்கம் ஒதுக்கி வெச்சிருக்க? மூட்டை இடிக்குதா? உள்ள கருவாடு இல்ல பாப்பா. வாசம் வருதுன்னா அது என் மேல வர்றது. முப்பது வருசமா கருவாடு போடுறேன், எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. மூட்டைக்குள்ள வேற. நண்டுக்கூடைன்னுதான் கண்டக்டர்கிட்டச் சொன்னேன். அவன் தூக்கிப் பாத்தான், இவ்வளவு பெரிய நண்டு எந்தக் கடல்லன்னு கேட்டான். நான் சில்லறையை எண்ணிக் குடுத்தேன். கேள்வி கேக்குறவன் எல்லாருக்கும் ஒரு காரணம் இருக்கும். அது தெரியாம நாம வாயைத் தொறக்கக் கூடாது.

உனக்குச் சொல்லலாம். நீ எனக்கு அப்புறம் ரெண்டு ஸ்டாப்பு தள்ளி எறங்கிப் போயிருவ. கீழத்துறைன்னு எங்க ஊரு, நீ கேள்விப்பட்டிருக்க மாட்ட. என் பேரு அமிர்தம். எனக்கு ஒரே மவன், கலைவேந்தன். சொந்தமா ஒரு பைபர் போட்டு, மீன்பிடிப் படகு, வெச்சிருக்கான். நாளைக்கு விடியக்காலம் கடலுக்குப் போறேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறான். வடக்காலதான் திரும்பும்னு டிவில சொல்றாம்மாங்குறான். ரெண்டு நாளா மன்னாடிப் பாத்துட்டேன். போன வருசமும் இதே கார்த்திகை, இதே பேச்சு. அதனாலதான் இந்த மூட்டையத் தூக்கிட்டு அலையுறேன்.

எல்லாம் என் சம்பந்தியால வந்தது. தங்கையன்னு பேரு. என் மருமவ சுகந்தியோட அப்பா. துறைமுகத்து ஆபீஸ்ல லஸ்கர் வேலை பாத்தவரு. லஸ்கருன்னா என்னன்னு முழிக்காத. புயல் வந்தா மூணாம் நம்பர் கூண்டு, அஞ்சாம் நம்பர் கூண்டுன்னு சொல்லுறாங்கல்ல, அந்தக் கூண்டைக் கொடிமரத்துல ஏத்துறவரு. முப்பத்திரண்டு வருசம் ஏத்தினாரு, எறக்கினாரு. மேல இருந்து உத்தரவு வரணும், இவரு கயித்தை இழுக்கணும். வாயைத் தொறக்குற வேலை கிடையாது.

ரிட்டயர் ஆகி ஊருக்கு வந்தாரு. வந்தவரு சும்மா இருந்தாரா? ஒடைஞ்சு போன படகு ஒண்ணோட பாய்மரத்தைக் கொண்டாந்து அவரு வீட்டுக் கொல்லைல, கடலைப் பாக்க நட்டாரு. உச்சில ஒரு உருளை, ஒரு கயிறு. கோழி அடைக்கிற கூடை இருக்குல்ல, அந்த அளவுக்கு மூங்கில்ல ஒரு கூண்டு கட்டி, துணி சுத்தி, தார் பூசினாரு. ஆபீஸ்ல பழைய சிநேகிதக்காரங்களுக்குப் போன் போடுவாரு, வானத்தைப் பாப்பாரு, காத்தை மோந்து பாப்பாரு, கூண்டை ஏத்திருவாரு. கூண்டு மேல இருந்தா யாரும் போகக் கூடாது. எறங்கினா போகலாம். அவ்வளவுதான் சட்டம். ஊர்ல டிவியப் பாக்குறாங்களோ இல்லியோ, விடியக்காலம் கடக்கரைக்குப் போறவன் எல்லாம் அண்ணாந்து அந்தக் கம்பத்தை ஒரு பார்வை பாத்துட்டுத்தான் போட்டைத் தள்ளுவான்.

எல்லாரும் அவரைக் கும்பிட்டாங்க. எனக்கு மட்டும்தான் உறுத்துச்சு. ஏன்னு கேளு. கூண்டு ஏறுச்சுன்னா என் மவன் வீட்ல இருப்பான். வீட்லன்னா எந்த வீட்ல? மாமனாரு வீட்ல. தெரு தாண்டுனா அவங்க வீடு. அங்க போயி உக்காந்து, அவங்க வெக்கிற குழம்பைச் சாப்பிட்டு, அவரோட பேசிக்கிட்டே படுத்துத் தூங்கிருவான். கூண்டு எறங்குச்சுன்னா கடலுக்குப் போவான், மீனோட என் வாசலுக்கு வருவான். கூண்டு ஏறுனா அவங்க புள்ள, எறங்குனா என் புள்ள. நீயே யோசிச்சுப் பாரு, கயிறு யாரு கையில இருக்கு?

இன்னொண்ணும் இருக்கு. கல்யாணம் பேசுறப்பவே, மாப்பிள்ளைக்கு டவுன்ல ஏதாவது வேலை பாக்கலாமான்னு நைசா கேட்டாரு. என் மவன் கடல்ல பொறந்தவன், அவனுக்கு எதுக்கு டவுனுன்னு நான் வெட்டிவிட்டேன். அதை அவரு மறந்திருப்பாருன்னு நினைக்கிறியா? அவருக்கு மூத்த மவன் ஒருத்தன் இருந்தான். கடல்ல போயிட்டான். அன்னைக்குக் கூண்டு ஏத்துற மாதிரி எதுவும் இல்ல. தெளிஞ்ச வானம், திடீர்னு ஒரு காத்து, போட்டு மட்டும் வந்துச்சு. அது அவரு தலையெழுத்து, பாவம்தான். அதுக்காக என் மவனையும் கரையிலயே கட்டிப்போடணுமா?

போன வருசம் ஐப்பசில மொத தடவை ஏத்தினாரு. எனக்கு அப்ப பன்னெண்டு கூடை நெத்திலி காயுது. நல்ல சரக்கு, வெள்ளி மாதிரி. அரைப்பதம் காஞ்சிருச்சு, இன்னும் ரெண்டு வெயில் போதும். சாயங்காலம் மழை கொட்டும், வாரிக்கங்க சம்பந்தியம்மான்னாரு. வாரிக் குமிச்சு, தார்ப்பாயைப் போட்டு மூடினேன். மழை வரல. மறுநாள் வெயிலு பல்லைக் காட்டுது. பிரிக்கட்டுமான்னு கேட்டேன். பிரிக்காதீங்க, இன்னைக்குக் கட்டாயம் வரும்னாரு. அரைக்காய்ச்சல் மீனை வெயில்ல மூடி வெச்சா என்ன ஆகும்? உள்ள வெந்து வேர்த்துரும். மூணாம் நாளு பிரிச்சேன். குவியல் நெளியுது பாப்பா. புழு. பன்னெண்டு கூடையையும் குழி வெட்டிப் பொதைச்சேன். புயலு ஆந்திராவுக்குப் போயிருச்சு.

அவரு வந்து குழிக்குப் பக்கத்துல நின்னாரு. என் தப்புதான் சம்பந்தியம்மான்னாரு. சொல்லிட்டு அவரும் ஒரு மண்வெட்டி எடுத்து மண்ணைத் தள்ளினாரு. தப்புன்னு அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்குறவனை நம்பவே கூடாது. உண்மையிலேயே தப்புப் பண்ணுனவன் நாலு சாக்குச் சொல்லுவான். இவரு ஒண்ணுகூடச் சொல்லல.

ரெண்டாவது தடவை ஏத்தினாரு. அது கடல்லயே கரைஞ்சு போச்சு. மூணாவது தடவை ஒரு தூறல், நாலு சொட்டு. மொத்தத்துல பதினஞ்சு நாளு போட்டு கரையில கெடந்துச்சு. என் மவன் மாமனாரு வீட்ல சாப்பிட்டுச் சாப்பிட்டு கன்னம் வெச்சுட்டான். என் உப்புத்தொட்டி காஞ்சு கெடந்துச்சு. எனக்கு அப்ப சந்தேகம் இல்ல, உறுதியாயிருச்சு. இந்த மனுசன் வானத்தைப் பாத்துக் கூண்டு ஏத்தல, என் வாசலைப் பாத்து ஏத்துறாரு.

நான் எறங்குற ரெட்டைப் பாலம் தாண்டியாச்சா? இன்னும் இல்லியா. சரி.

நாலாவது தடவை கார்த்திகைல. ஒரு புதன்கிழமை. காலைலயே கூண்டை ஏத்திட்டாரு. டிவில வடக்கால திரும்பும்னு சொல்லிட்டு இருக்கான். இவரு இல்லங்குறாரு. ஊர்ல ரெண்டு பேரு முணுமுணுத்தாங்க, போன மூணு தடவையும் இப்படித்தானேன்னு. அதுக்கு அவரு, நான் நேர்லயே ஆபீசுக்குப் போயி விசாரிச்சுட்டு வர்றேன், நான் வந்து எறக்குற வரைக்கும் ஒருத்தரும் போகாதீங்கன்னு சொல்லிட்டு, மூணு மணி பஸ்ல டவுனுக்குக் கெளம்பினாரு. அங்க அவரு தங்கச்சி வீடு இருக்கு, தங்கிட்டுக் காலைல மொத பஸ்ல வருவாரு.

பஸ் போனதை நான் பாத்தேன். என் காயப்போடுற தரை அவரு கொல்லையை ஒட்டித்தான். நான் அங்க நின்னா யாரும் எதுக்குன்னு கேக்க மாட்டாங்க. பொழுது சாயுற நேரம். சுகந்தி ஏழு மாசம், படுத்திருந்தா. ஊருக்காரங்க எல்லாம் கோயில் பக்கம் இருந்தாங்க. நான் கம்பத்துக்கிட்டப் போனேன்.

கயித்தைக் கம்பத்து அடியில கட்டி வெச்சிருந்தாரு. அவிழ்க்கப் பாத்தேன், முடியல. அவரு போடுற முடிச்சு ஒரு தினுசு. ரெண்டு சுத்து சுத்தி, உள்ளாற வாங்கி, மறுபடியும் கழுத்துல ஒரு சுத்து. காத்து இழுக்க இழுக்க இறுகுமே தவிர அவிழாது. கப்பல்காரன் முடிச்சாம். மடியில மீன் அறுக்குற கத்தி இருந்துச்சு. ஒரே இழுப்பு. கூண்டு கடகடன்னு எறங்கி என் முன்னால மணல்ல உக்காந்துச்சு. அதுக்குள்ள ஒண்ணும் இல்ல பாப்பா. வெறும் மூங்கிலு, தாரு. இதுக்குத்தான் ஒரு ஊரே பயப்பட்டுச்சான்னு எனக்குச் சிரிப்பு வந்துச்சு. தூக்கிட்டுப் போயி என் கொட்டகைல, உப்பு மூட்டைக்குப் பின்னால போட்டுக் கோணியால மூடிட்டேன்.

யாரு கேட்டாலும் காத்துல அறுந்துருச்சுன்னு நினைப்பாங்கன்னு நினைச்சேன். நான் நினைச்சது அவ்வளவுதான். என் மவன் ஒரு நாளு கடலுக்குப் போகணும். நான் ஒரு நாளு கருவாடு போடணும். இதுல தப்பு என்ன இருக்கு?

விடியக்காலம் நாலு போட்டு போச்சு. கம்பத்தைப் பாத்தாங்க, வெறுங்கம்பம். பெருசு டவுன்லேருந்து போன் போட்டு யாரையாவது எறக்கச் சொல்லியிருப்பாருன்னு பேசிக்கிட்டே தள்ளிட்டுப் போனாங்க. என் மவன் மூணாவதா போனான். நான்தான் தூக்குவாளியில கஞ்சி ஊத்திக் குடுத்தேன்.

ஏழு மணிக்கு அவரு பஸ்ல வந்து எறங்குனாரு. நான் தரையைக் கூட்டிக்கிட்டு இருக்கேன், மீனு வருமேன்னு. கடலு அதுக்குள்ள ஊத்தைத் தண்ணிக் கலருக்கு மாறிருச்சு. கெழக்கேருந்து வர்ற கொண்டக்காத்து நின்னு, வடக்கேருந்து வாடை புடிச்சிருச்சு. அவரு கம்பத்தைப் பாத்தாரு. யாரு எறக்குனதுன்னு கேக்கல. அதைத்தான் நான் கவனிச்சேன். எத்தனை போட்டு போயிருக்குன்னுதான் கேட்டாரு. ஒவ்வொரு பேரா சொன்னாங்க. மாப்பிள்ளையும் போயிருக்காருன்னதும் செருப்பைக் கையில புடிச்சபடியே மணல்ல உக்காந்துட்டாரு.

அப்புறம் எழுந்திரிச்சுப் போனைப் போட ஆரம்பிச்சாரு. ஒவ்வொருத்தனுக்கா, விடாம. ரெண்டு போட்டு கிட்டத்துல இருந்துச்சு, சிக்னல் கெடைச்சுச்சு, பத்து மணிக்கு வந்து சேந்துட்டாங்க. இன்னொண்ணு மத்தியானத்துக்கு மேல, இஞ்சின் செத்து, பக்கம் பொளந்து, எப்படியோ வந்துச்சு. என் மவன் போட்டு வரல. அவனும் அவன் கூட ரெண்டு பேரும்.

காத்தைப் பத்தி நான் என்ன சொல்ல? எங்களை எல்லாம் பள்ளிக்கூடத்துல கொண்டு போயி அடைச்சாங்க. சுகந்தி என் மடியில தலையை வெச்சுப் படுத்திருந்தா. வயித்தை ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டா. அவரு பள்ளிக்கூடத்துக்கு வரல. அந்த வெறுங்கம்பத்துல ஒரு கயித்தைக் கட்டி, மறுமுனைய இடுப்புல கட்டிக்கிட்டு, மழையில கடலைப் பாத்து நின்னாருன்னு போலீஸ்காரங்க வந்து சொன்னாங்க. இழுத்தும் வரலியாம். நான் மனசுக்குள்ள என்ன நினைச்சேன் தெரியுமா? ஊரு பாக்கணும்னு நிக்கிறாருன்னு நினைச்சேன். அந்த மழையில எந்த ஊரு பாக்கும்னு அப்ப எனக்குத் தோணல.

மூணாம் நாளு தெற்கேருந்து போன் வந்துச்சு. கவுந்த போட்டைப் புடிச்சுக்கிட்டு மூணு பேரும் ஒதுங்கியிருக்காங்க, உசுரு இருக்குன்னு. என் மவனுக்கு இடது தோளு எறங்கிருச்சு. இன்னும் அந்தக் கையை முழுசாத் தூக்க முடியல. அவனைக் கொண்டாந்து பாயில படுக்க வெச்சோம். ஏன்டா போனன்னு கேட்டு அழுதேன். பெத்த தாயாச்சே, கேக்கணும்ல? கேட்டேன்.

"கம்பத்தைப் பாத்துட்டுத்தானம்மா போனேன்"னான்.

அடுப்புல கஞ்சி பொங்குற மாதிரி இருந்துச்சு, எழுந்திரிச்சுப் போயிட்டேன்.

நாலாம் நாளு ஊர் கூடுச்சு. ரெண்டு போட்டு ஒடைஞ்சிருக்கு, ஏழு பேரு உசுரு ஊசலாடியிருக்கு, கூண்டை எறக்குனது யாருன்னு தெரிஞ்சாகணும். பொம்பளைங்க நாங்க ஓரமா நின்னோம். கத்தி என் மடியில இருக்கு. எப்பவும் இருக்குறதுதான், ஆனா அன்னைக்குக் கனத்துச்சு. சம்பந்தியைக் கூப்பிட்டாங்க. அவரு கையில அந்தக் கயிறு. கம்பத்தோட இருந்த பாதி. அறுந்த நுனிய விரல்ல தடவிப் பாத்தாரு. அப்புறம் மூக்குக்கிட்ட கொண்டு போயி மோந்து பாத்தாரு. எதுக்குன்னு தெரியல. வயசானவங்க எதையாவது மோந்து பாக்குறதுதான். என்னைக்கும் காத்தை மோந்து பாக்குற மனுசன். பாத்துட்டுக் கயித்தைச் சுருட்டி வேட்டி மடிப்புல சொருகிக்கிட்டாரு.

"நான்தான் எறக்குனேன். வடக்கால திரும்பிரும்னு நினைச்சேன். என் கணிப்பு தப்பு"ன்னாரு.

நான் என் காதை நம்பல. ஒருத்தன் எழுந்திரிச்சு, நீங்க பஸ் ஏறுறப்ப கூண்டு மேலதான இருந்துச்சுன்னான். நீ சரியாப் பாத்திருக்க மாட்டன்னுட்டாரு. கூண்டு எங்கன்னு கேட்டாங்க. அடுப்புல வெச்சுட்டேன்னுட்டாரு. அப்புறம் யாரு என்ன கேப்பாங்க? வாய்க்கு வந்தபடி பேசினாங்க. அவரு பெத்த புள்ள கடல்ல போனதைக்கூட இழுத்துப் பேசினான் ஒருத்தன். அதையும் நின்னு கேட்டாரு. இனிமே அவரு கூண்டு ஏத்தக் கூடாது, கடக்கரைக் கூட்டத்துல பேசக் கூடாதுன்னு முடிவு பண்ணினாங்க. சரின்னுட்டு வீட்டுக்குப் போனாரு. நேரா என்னைத் தாண்டித்தான் போனாரு. நிமிந்து பாக்கல.

நீயே சொல்லு, எந்த மனுசனாவது சும்மா அப்படிப் பண்ணுவானா? நானும் ஒரு வருசமா யோசிக்கிறேன். வயசாகி புத்தி தடுமாறி, தானே எறக்குனதா நினைச்சுட்டாரோன்னு பாத்தேன். அப்படி இல்ல, நல்லாத்தான் இருக்காரு. பெரிய மனுசன்னு பேரு வாங்கவான்னு பாத்தேன். பேரு எங்க வாங்குனாரு? இருந்த பேரும் போச்சு. என் மவன் அவரோட பேசுறதையே விட்டுட்டான். மாமனாரு வீட்டுப் பக்கம் கால் வெக்கிறதில்ல. மூணு வேளையும் என் வீட்லதான் சாப்பாடு. பேரன் பொறந்து பேரு வெச்சப்பகூட அவரு வாசல்ல நின்னு பாத்துட்டுப் போயிட்டாரு. நான் ஆசைப்பட்டது எல்லாம் நடந்துருச்சு. அதுதான் எனக்குச் சந்தேகமா இருக்கு.

என்னைக்காவது என்கிட்ட வந்து, நான் உங்களைக் காப்பாத்துனேன், அதுக்குப் பதிலா இதைப் பண்ணுங்கன்னு கேப்பாருன்னு காத்திருந்தேன். கேக்கல. சாடையாக்கூட ஒண்ணும் சொல்லல. நானும் சும்மா இல்ல, வாராவாரம் நல்ல வஞ்சிரக் கருவாடாப் பாத்து சுகந்திகிட்டக் குடுத்து விடுறேன். சம்பந்தி வீடுங்குற முறைக்குத்தான், வேற எதுக்கும் இல்ல. அவரு டப்பாவைக் கழுவி, வெறும் டப்பா அனுப்பக் கூடாதுன்னு முருங்கைக்கீரை வெச்சு அனுப்புவாரு. உள்ள ஏதாவது சேதி இருக்கான்னு நான் ஒவ்வொரு கொத்தா உதறிப் பாப்பேன். கீரைதான் இருக்கும். நல்ல கீரை.

என்ன அப்படிப் பாக்குற? ஆமா, அவருக்குத் தெரியும். கருவாட்டுக் கத்தி வாசம் ஊருக்கே தெரியும், அவருக்குத் தெரியாதா? உனக்கே மூக்குல ஏறுதே. தெரிஞ்சுதான் சொன்னாரு. அதைத்தான் என்னால தாங்க முடியல பாப்பா. திட்டியிருந்தா நானும் நாலு வார்த்தை திருப்பிச் சொல்லிட்டு நிம்மதியாத் தூங்கியிருப்பேன்.

இப்ப கம்பம் மட்டும் நிக்குது. யாரும் அதுல துணிகூடக் காயப்போடுறதில்ல. ஆனா ஒண்ணு, என் மவன் இன்னைக்கும் விடியக்காலம் போறப்ப அந்த வெறுங்கம்பத்தை அண்ணாந்து ஒரு பார்வை பாக்குறான். அவன் மட்டும் இல்ல, எல்லாரும்தான். கூடாதுன்னு முடிவு பண்ணினவங்களே பாக்குறாங்க. மேல ஒண்ணும் இல்லன்னதும் தள்ளிட்டுப் போயிடுறாங்க.

நேத்து சாயங்காலம் நான் தரையில மீனைத் திருப்பிக்கிட்டு இருந்தேன். அவரு கொல்லைல நின்னு கடலைப் பாத்தாரு. ரொம்ப நேரம் பாத்தாரு. அப்புறம் கம்பத்துக்கிட்ட வந்து, கயிறு இருந்த எடத்துல கையை வெச்சாரு. ஒண்ணும் இல்லியே அங்க? கையை எடுத்துக்கிட்டு உள்ள போயிட்டாரு. அந்த மனுசன் மொகத்தை நான் பாத்தேன். போன வருசம் மாப்பிள்ளை பேரைச் சொன்னப்ப இருந்த அதே மொகம். டிவிக்காரன் வாய்ப்புங்குறான். இந்த மொகத்துல வாய்ப்பெல்லாம் இல்ல.

அதனாலதான் இன்னைக்குக் காலைல உப்பு மூட்டையை நகத்திக் கூண்டை எடுத்தேன். ஒரு வருசத்துல உப்பு ஏறி மூங்கிலு உளுத்துப் போயிருந்துச்சு. டவுன்ல கூடை பின்னுறவங்ககிட்டக் குடுத்து நாலு மூங்கில் பத்தை மாத்திக் கட்டி வாங்கியாச்சு. எதுக்குன்னு கேட்டாங்க, கோழிக்குன்னு சொன்னேன். தாரு பூசுன கூண்டுல எந்தக் கோழி இருக்கும்னு சிரிச்சாங்க. புதுக் கயிறும் வாங்கிட்டேன். கம்பம் ஏறி உருளையில கோக்க ஆள் இருக்கு. எல்லாம் இருக்கு. முடிச்சுதான் இல்ல. அந்த முடிச்சு எனக்குப் போடத் தெரியாது. ஊர்ல வேற யாருக்கும் தெரியாது. வாடைக்காத்துல சாதா முடிச்சு ஒரு மணி நேரம் தாங்காது. அவருதான் போடணும்.

இந்தா பாரு, மூட்டைக்குள்ள கையை விடு, தெரியும். கூண்டோட இருந்த பாதிக் கயிறு. இந்தப் பக்கம் கூண்டோட சேத்து அவரு போட்ட அதே முடிச்சு, ஒரு வருசமாச்சு, இன்னும் அவிழல. அந்தப் பக்கம் என் கத்தி அறுத்த எடம். மொதல்ல இதைத்தான் அவரு கையில குடுக்கப் போறேன். அவருகிட்ட இருக்குற பாதியோட வெச்சுப் பாத்துக்கட்டும். ஊரு கூடி வந்து, யாரைக் கேட்டு ஏத்துனீங்கன்னு கேக்கும். கேக்கட்டும். போன வருசம் எறக்குனது யாருன்னு நான் சொல்லிக்கிறேன். என் மவன் கேட்டுக்கிட்டு நிப்பான். அதுதான் கஷ்டம். அதுக்கு என்ன பண்றது?

பாலம் வந்துருச்சு. நான் எறங்கணும், கொஞ்சம் மூட்டைக்கு ஒரு கை குடு. இருட்டுறதுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்குமா? போதும்.

அவருகிட்ட ஒண்ணே ஒண்ணு கேப்பேன். எதுக்காக அப்படிச் சொன்னீங்கன்னு. அவரு என்ன பதில் சொன்னாலும் நான் நம்பப் போறதில்ல. ஆனா முடிச்சைப் போட்டுட்டாருன்னா, கூண்டு உச்சிக்குப் போற வரைக்கும் நானும் கூட நின்னு இழுப்பேன். என் மவன் நாளைக்கும் கம்பத்தைப் பாத்துட்டுத்தான் போவான், பாப்பா.